தெளிந்த குளத்தில் ஒரு கொலை

அத்தியாயம் 4

"செத்தது எத்தனை பேர்?" என்று பேனாவைத் திறந்துகொண்டே கேட்டான் பாண்டெலிஸ்.

"எண்ண முடியாது. கோடி கோடியா இருக்கும்," என்றாள் தெயோனி மூக்கை உறிஞ்சியபடி.

பாண்டெலிஸ் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான். "அக்கா, இது நம்ம ரெண்டு பேரால ஆகற கேஸ் இல்ல. ராணுவத்தக் கூப்பிடுங்க."

அக்லயா ருசோ காதில் வாங்கவே இல்லை. பாண்டெலிஸ் பேசுவதில் பாதியைக் காதில் வாங்காமல் விட்டதால்தான் அந்த அம்மாள் ஐம்பத்தெட்டு வயதிலும் தெம்பாக இருக்கிறாள். பிரேயஸ் துறைமுகத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக முப்பது வருடம், எந்தக் கப்பல் தானாக மூழ்கியது, எதை முதலாளியே மூழ்கடித்தான் என்று கண்டுபிடித்துச் சொன்னவள். இப்போது சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ். ஈஸ்டருக்குத் தங்கை வீட்டில் நாலு நாள் கால் நீட்டிப் படுக்கலாம் என்று இந்த வத்தினோஸ் தீவுக்கு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சுடப்போகும் ஆட்டுக்குட்டிக்காக பாண்டெலிஸும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருந்தான். தவக்காலம் முழுக்க விரதம் என்று வீட்டுக்காரம்மாவிடம் வீறாப்பாகச் சபதம் போட்டுவிட்டு, இத்தனை நாளாக பீன்ஸையும் ஆலிவையும் தின்று நொந்துபோயிருந்தான் பாவம். விடிந்ததும் விடியாததுமாகத் தெயோனி வந்து கதவைத் தட்டியதில் அந்த பீன்ஸும் போயிற்று.

எதிரே குளம். குளம் என்றால் குளிக்கிற குளம் இல்லை. குப்பைமேட்டுக்குக் கீழே, கறுப்புத் தார்ப்பாய் விரித்து, பந்தய மைதானம் மாதிரி நீள்வட்டமாகக் கட்டிய தொட்டி. மேட்டில் மழை விழுந்து அடியில் வடிகிற குப்பைச் சாறு அதற்குள் வரும். பக்கத்தில் நின்றால் நரகத்துக்கு ஜன்னல் திறந்த மாதிரி நாறுகிற சாறு அது. கண்ணுக்குத் தெரியாத பாசியை அதில் வளரவிட்டு, ஒரு சக்கரத்தால் மெல்லக் கலக்கிக்கொண்டே இருந்தால், சாற்றில் இருக்கிற விஷத்தையெல்லாம் பாசி தின்று தீர்த்துவிடும். தெயோனி இரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறாள். நேற்று மாலை வரை குளம் கீரைக் கடைசல் மாதிரி பச்சையாக, கெட்டியாக இருந்தது. இன்று காலை வெறும் தேநீர் நிறத்தில் தெளிந்து கிடந்தது. பச்சை மொத்தமும் அடியில்.

"விஷம் வெச்சுக் கொன்னுட்டாங்க," என்றாள் தெயோனி. முப்பது வயது, ரப்பர் பூட்ஸ், சிவந்த கண்கள். "மத்தியானக் கப்பல்ல அமைச்சகத்துலேர்ந்து ஆளுங்க வர்றாங்க. வந்து பாக்கறப்ப குளம் உயிரோட இல்லன்னா இத மூடிடுவாங்க. சாறு முழுக்க சரான்டிஸோட டேங்கர் லாரிக்குப் போயிடும். அவன் எங்க கொண்டுபோய் ஊத்துவான்னு ஊருக்கே தெரியும்."

"முன்னாடி எங்க ஊத்தினான்?" என்று கேட்டாள் அக்லயா.

"என் வாசல்ல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் இடித்தது.

தெயோனியின் அப்பா. கேப்டன் லாம்ப்ரோஸ். மீன்பிடிப் படகு ஒன்றே ஒன்று வைத்திருந்தாலும் தீவில் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். கறை படாத கையில் ஒரு தட்டு, அதில் சுட்ட ஆக்டோபஸும் வெட்டிய எலுமிச்சையும். "மேட்டுலேர்ந்து அள்ளி என் வளைகுடாவுலதான் ஊத்தினான்மா அந்தச் சாற. ஒரு நண்டு மிஞ்சல. என் பொண்ணு இந்தக் குளத்தக் கட்டினதுக்கப்புறம்தான் ஆக்டோபஸ் திரும்பி வந்துச்சு. சாப்பிடுங்க. ஆக்டோபஸுக்கு ரத்தம் இல்ல, விரதத்துக்கு ஆகும். இது அந்த வளைகுடாவுலதான் புடிச்சது. அந்தச் சரான்டிஸ் பய போன வாரம் காப்பிக்கடையில அத்தன பேரு முன்னாடி சொன்னான். அந்தப் பச்சை சூப்ப இல்லாம ஆக்கிடறேன் பாருன்னு சவால் விட்டான். புடிச்சு உள்ள போடுங்க அவன!"

"வேலி கேட்டுக்குப் பூட்டு உண்டா?" என்றாள் அக்லயா.

"உண்டு," என்றாள் தெயோனி.

"சாவி?"

"பூந்தொட்டிக்கு அடியில."

"அது யாருக்கெல்லாம் தெரியும்?"

தெயோனி கொஞ்சம் யோசித்தாள். "தீவுல எல்லாருக்கும்."

"நல்ல பூட்டு," என்றான் பாண்டெலிஸ், ஆக்டோபஸில் எலுமிச்சையைப் பிழிந்து வாயில் போட்டுக்கொண்டு.

"மைக்ராஸ்கோப்புல பாத்தியா?" என்றாள் அக்லயா.

"அது ரிப்பேருக்கு ஏதென்ஸ் போயிருக்கு. ஈஸ்டர் முடிஞ்சுதான் வரும். பாக்கறதுக்கு என்னக்கா இருக்கு? சக்கரமும் நின்னுபோயிருக்கு. எல்லாம் அடியில செத்துக் கெடக்கு." தெயோனியின் குரல் உடைந்தது. "போன தடவ வந்தப்ப அமைச்சகத்து வெனியேரி அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'கறுப்புத் தண்ணியக் குடுத்தா பச்சைத் தண்ணியாக்கித் தர்ற. பாசியத் தனியாப் பிரிச்சுக் காட்டு, அப்பதான் கையெழுத்து'ன்னாங்க. எந்தத் துணியில வடிகட்டினாலும் அடைச்சுக்குது. பிரிக்கவும் முடியல, இப்ப பாசியே இல்ல. நான் என்னத்தக் காட்டுவேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டு, அமைச்சகத்துக்குப் போன் போட ஷெட்டுக்குள் போய்விட்டாள்.

அக்லயா ஒரு கண்ணாடி ஜாடியை நீளக் கழியில் கட்டி, குளத்தின் அடியிலிருந்து பச்சைச் சேற்றை மொண்டு எடுத்தாள். திரிந்த பால் மாதிரி திட்டுத்திட்டாக இருந்தது. திட்டுகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக என்னவோ. பாண்டெலிஸின் தட்டிலிருந்த எலுமிச்சைத் துண்டைச் சட்டென்று எடுத்து ஜாடிக்குள் பிழிந்தாள்.

"அக்கா! அது என் எலுமிச்ச!"

ஜாடிக்குள் புஸ்ஸென்று நுரை கிளம்பியது.

"சுண்ணாம்பு," என்றாள் அக்லயா. "டீசல் இல்ல, பூச்சி மருந்து இல்ல. யாரோ சுண்ணாம்பக் கொட்டியிருக்காங்க. மூடிபோட்டு இத நீ தூக்கிட்டு வா. வர்றோம் கேப்டன்."

கேப்டன் தலையை ஆட்டினார். பாண்டெலிஸ் ஜாடியை இடுக்கிக்கொண்டு, உட்கார்ந்திருந்த கல்லிலிருந்து எழுந்தான். அந்தக் கல் நேற்றுத்தான் வெள்ளை அடித்த கல். கறுப்புக் கால்சட்டையின் பின்பக்கத்தில் இரண்டு பெரிய வெள்ளை வட்டங்கள் பதிந்துவிட்டன. அக்லயா பார்த்தாள். சொல்லவில்லை. இம்மாதிரிச் சின்னச் சந்தோஷங்களை அந்த அம்மாள் விடுவதில்லை.

*

துறைமுகத் தெருவில் பேக்கரிக்காரி வழிமறித்தாள். "ஏம்ப்பா, ஜாடியில என்ன, கீரை சூப்பா?"

"பொணம்மா," என்றான் பாண்டெலிஸ். அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள்.

சரான்டிஸ் தன் லாரிக் கொட்டகையின் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான். பீப்பாய் மாதிரி வயிறு, வயிற்றுக்கு மேலே மீசை. அகலத் தூரிகை. முழங்கை வரைக்கும் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு.

பாண்டெலிஸுக்குக் கண்ணில் பல்பு எரிந்தது. "அக்கா! கையும் களவுமா! கையப் பாருங்க கையை!"

"என் கைக்கு என்ன?" என்றான் சரான்டிஸ்.

"சுண்ணாம்பு!"

"பின்ன வெண்ணெயா இருக்கும்? வெள்ள அடிக்கறவன் கையில என்னடா இருக்கும்?"

"பாண்டெலிஸ்," என்றாள் அக்லயா, "திரும்பித் தெருவப் பாரு."

பாண்டெலிஸ் திரும்பிப் பார்த்தான். ஈஸ்டருக்கு முந்தின வாரம். தீவே வெள்ளை அடித்துக்கொண்டிருந்தது. தபால்காரன் தன் வாசற்படிக்கு அடித்துக்கொண்டிருந்தான். மருந்துக்கடைக்காரர் எலுமிச்சை மரத்தின் அடிமரத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார். எதிர்த்த வீட்டுக் கிழவர் வேறு வேலை இல்லாமல் தெருவோரக் கல்லுக்கெல்லாம் அடித்துக்கொண்டு போனார். அந்தப் பக்கமாக வந்த பாதிரியாரின் கறுப்புத் தாடியில்கூட ஒரு வெள்ளைக் கோடு. அத்தனை பேர் நகக்கண்ணிலும் சுண்ணாம்பு.

"அடக்கடவுளே," என்றான் பாண்டெலிஸ். "மொத்தத் தீவும் குற்றவாளியா?"

"உன் பின்பக்கத்துலயும் இருக்குடா," என்று சரான்டிஸ் வயிறு குலுங்கச் சிரித்தான். "முதல்ல உன்னையப் புடிச்சு உள்ள போட்டுக்க!"

பாண்டெலிஸ் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தான். உள்ளங்கை வெள்ளையாகத் திரும்பி வந்தது. அவன் அக்லயாவை ஒரு பார்வை பார்த்தான். அவள் வானத்தில் பறந்த கடற்காக்கையைப் பார்த்தாள்.

"சரான்டிஸ்," என்றாள் அவள். "குளத்த இல்லாம ஆக்கிடறேன்னு காப்பிக்கடையில சொன்னியாமே?"

"சொன்னேன். நாலு கோப்ப உள்ள போனா நானுந்தான் பிரதமர் ஆயிடறேன்னு சொல்லுவேன். ஆனேனா?" சரான்டிஸ் தூரிகையை வாளியில் போட்டான். "இங்க பாருங்கம்மா. நாசம் பண்றதா இருந்தா டீசல் ஊத்துவேன். ரெண்டு டேங்க் நிறைய இருக்கு. சுண்ணாம்ப எவனாவது கொண்டுபோய் குளத்துல கொட்டுவானா? அதுவும் புனித வாரத்துல! கடையில போன வெள்ளிக்கிழமையே தீந்துபோச்சு. இனி ஈஸ்டர் முடிஞ்சாத்தான் சரக்கு வரும். என் மச்சான் வந்து வாசப்படிக்கு அரை வாளி குடுன்னு கெஞ்சினான். மாட்டேன்னுட்டேன். பொண்டாட்டியோட தம்பிக்கே குடுக்காதவன் பாசிக்குக் குடுப்பேனா?"

அக்லயாவின் முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு வந்தால் யாரோ மாட்டப்போகிறார்கள் என்று பாண்டெலிஸுக்குத் தெரியும்.

"ரொம்ப நன்றி சரான்டிஸ். உன் மச்சானுக்கு அரை வாளி குடுத்துடு, பாவம். பாண்டெலிஸ், இந்த ஊர்லயே உசரமான எடம் எது?"

"கோயில் மணிக்கூண்டு. ஏன்?"

"ஏறணும்."

"ஆக்டோபஸ் தின்ன வயித்தோடயா? இந்த ஜாடியையும் தூக்கிக்கிட்டா?"

"ஆமா. ஓடிவா."

*

மணிக்கூண்டின் உச்சிக்கு வந்தபோது பாண்டெலிஸின் நாக்கு வெளியே தொங்கியது. படிக்குப் படி ஜாடி அவன் விலாவில் இடித்துக் குலுங்கிக்கொண்டே வந்திருந்தது. அவன் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினான்.

"எல்லார் கையிலயும் சுண்ணாம்பு இருக்கு," என்றாள் அக்லயா. அவளுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. "அதனால கையப் பாத்துப் பிரயோஜனம் இல்ல. ஆனா கடையில சுண்ணாம்பு இல்ல, எவனும் எவனுக்கும் குடுக்கவும் மாட்டான். தன்னோட பீப்பாயக் குளத்துல கவுத்தவன் என்ன பண்ணுவான்?"

"என்ன பண்ணுவான்?"

"வீட்டுக்கு வெள்ள அடிக்க மாட்டான். அடிக்க இருக்காதே!"

பாண்டெலிஸ் வாயைப் பிளந்தான். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஊரைப் பார்த்தான். கீழே வத்தினோஸ் முழுக்கப் புது வெள்ளை. சுவர், மாடி, படி, மாட்டுக் கொட்டகை, கல்லறைத் தோட்டத்து மதில், எல்லாம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. புனித வாரச் செவ்வாய்க்கிழமை வரை வீட்டை அடிக்காமல் விட்டால் ஊர்ப் பெண்கள் வாசலில் நின்று கேட்பார்கள். சோம்பேறி, குடிகாரன், கடன்காரன் எல்லோர் வீடும் வெள்ளையாகத்தான் இருந்தது.

சின்ன வளைகுடாவின் ஓரத்தில் ஒரே ஒரு வீடு மட்டும் போன குளிர்கால மழையின் கறையோடு அழுக்காக நின்றது. நீலக் கதவு. வாசலில் ஒரு மஞ்சள் ஸ்கூட்டர்.

"அக்கா," என்றான் பாண்டெலிஸ் மெதுவாக. "காலையில நம்ம கதவத் தட்டினப்ப அந்த மஞ்சள் ஸ்கூட்டர்லதான வந்தா? அப்புறம் அத வீட்டுல போட்டுட்டு, அப்பாவோட வண்டியில நம்மளக் குளத்துக்குக் கூட்டிட்டுப் போனா. அது தெயோனி வீடு!"

"ஆமா."

"அவளே கொன்னுட்டு அவளே அழுதாளா? அடேங்கப்பா, என்னா நடிப்பு! நான் ரெண்டு கைக்குட்ட குடுத்தேனே!"

"அவசரப்படாத. அந்த வீட்டுல ரெண்டு பேரு இருக்காங்க." அக்லயா படியிறங்க ஆரம்பித்தாள். "இந்த வாரத்துல தீவுல சுத்தமான கை யாருகிட்டப் பாத்த? நல்லா யோசி. நகக்கண்ணுல ஒரு துளி இல்லாம, எலுமிச்ச வாசத்தோட."

பாண்டெலிஸ் யோசித்தான். ஆக்டோபஸ் தட்டை நீட்டிய கைகள் நினைவுக்கு வந்தன. "கேப்டன்! ஆனா அந்த வாசம் ஆக்டோபஸுக்குப் புழிஞ்சதுல வந்திருக்கும்."

"புழிஞ்சது நீ. அவரு தட்ட வெச்சதோட சரி. ஒரு துண்டு சாப்பிடக்கூட இல்ல. சுண்ணாம்பு கையிலேர்ந்து போகணும்னா எலுமிச்ச போட்டுத் தேய்க்கணும். அப்புறம், அந்தச் சக்கரத்தோட சுவிட்ச் ஷெட்டுக்குள்ள எங்க இருக்குன்னு சரான்டிஸுக்கு எப்படித் தெரியும்?"

"ஆனா அவரோட வளைகுடாவக் காப்பாத்தினதே அந்தக் குளம்தான அக்கா! அவரு ஏன் பண்ணப்போறாரு?"

"அதத்தான் கேக்கப் போறோம்," என்றாள் அக்லயா. இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

*

கேப்டன் வீட்டு முற்றத்தில் இரண்டு சுண்ணாம்புப் பீப்பாய்கள். ஒன்று கவிழ்த்துக் கிடந்தது. இன்னொன்றில் வீடு முழுக்க அடிக்கப் போதாத பாதிதான் இருந்தது. கேப்டன் ஒரு வலையை மடியில் போட்டுக்கொண்டு அறுந்த கண்களைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"சரான்டிஸ் மாட்டினானா?" என்றார்.

"வீட்டுக்கு வெள்ள அடிக்கலையா கேப்டன்?"

"முதுகு வலி."

"இந்த வலியோடதான் பீப்பாயக் குளத்து வரைக்கும் தூக்கினீங்களா?"

கேப்டனின் கையில் ஊசி நின்றது. மறுக்கப்போகிறார் என்று பாண்டெலிஸ் நினைத்தான். மறுத்தால் என்னென்ன பதில் சொல்லலாம் என்று இரண்டு மூன்று வேடிக்கையான வாக்கியங்களைக்கூட மனசுக்குள் தயார் பண்ணிவிட்டான். எதுவும் தேவைப்படவில்லை.

"அந்த அம்மா போன் பண்ணினா," என்றார் கேப்டன். "அந்த வெனியேரி. நான் பக்கத்து ரூம்ல இருந்தேன். இந்தக் குளம் தேறிடுச்சுன்னா தெசலோனிகிக்கு வந்துடு, அங்க இதவிடப் பெரிய மேடு நாலு இருக்கு, நீதான் பாத்துக்கணும்னு சொன்னா. என் பொண்ணு சந்தோஷத்துல குதிச்சா. அப்புறம் என்னப் பாத்ததும் ஒண்ணும் நடக்காத மாதிரி தக்காளி நறுக்க ஆரம்பிச்சுட்டா." அவர் வலையைத் தள்ளி வைத்தார். "அவ அம்மா போனதுக்கப்புறம் இந்த வீட்டுல அவ பேசற சத்தம்தான்மா எனக்கு. அவ போயிட்டா நான் யாருகிட்டப் பேசறது? இந்த நண்டுங்ககிட்டயா?"

பாண்டெலிஸ் ஜாடியை மெல்லத் தரையில் வைத்தான்.

"குளம் கெட்டா அவ இங்கயே இருப்பான்னு கணக்குப் போட்டேன். நேத்து அவ தூங்கினதுக்கப்புறம் வண்டியில ஏத்திட்டுப் போய்க் கொட்டினேன். காலையில அவ அழுதா பாருங்க..." கேப்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என் கடல எனக்குத் திருப்பிக் குடுத்த உசுருங்க அது. அத்தனையையும் கொன்னுட்டேன். பெரிய பாவி நான்."

"அக்கா," என்றான் பாண்டெலிஸ்.

"சும்மா இரு."

"அக்கா, ஜாடியப் பாருங்க! பொணம் எழுந்துடுச்சு!"

மூவரும் பார்த்தார்கள். எலுமிச்சை பிழிந்து, மணிக்கூண்டுப் படியெல்லாம் குலுக்கிக் கொண்டுவந்த ஜாடியில் திட்டும் இல்லை, தெளிவும் இல்லை. மூடி வரைக்கும் பச்சைப் பசேலென்று நிறைந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்கக்கூடாதா? செவ்வாய்க்கிழமையே எழுந்துடுச்சே!" என்று பாண்டெலிஸ் சிலுவை போட்டுக்கொண்டான்.

அக்லயா ஜாடியை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். "சாகல கேப்டன். சுண்ணாம்பால ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு அடியில உக்காந்திருக்கு, அவ்ளோதான். எலுமிச்ச சுண்ணாம்ப முறிச்சதும் பிரிஞ்சு வந்துடுச்சு. நீங்க கொல்லல. ரெண்டு வருஷமா உங்க பொண்ணால செய்ய முடியாதத ஒரே ராத்திரியில செஞ்சு வெச்சுட்டீங்க. பாசி வேற, தண்ணி வேறன்னு பிரிச்சுக் குடுத்துட்டீங்க."

கேப்டனுக்கு இது புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் முதலில் மலர்ந்தது. அடுத்த நொடியே வாடிப்போயிற்று.

"அப்ப... குளம் தேறிடுமா?"

"தேறிடும்."

"அவ போயிடுவாளே!"

அப்போது துறைமுகத்தில் மத்தியானக் கப்பலின் சங்கு ஊதியது.

*

ஜாடியைப் பார்த்ததும் தெயோனி பத்து வயதுப் பெண் மாதிரி துள்ளினாள். "சுண்ணாம்பா? ஐயோ, சுண்ணாம்பா! புஸ்தகத்துல படிச்சிருக்கேன் அக்கா. இருக்கறது ஒரே குளம், கொஞ்சம் கூடிப்போனா மொத்தமும் செத்துடுமேன்னு பயந்துக்கிட்டு நான் தொடவே இல்ல! யாரு போட்டது?"

"அத அப்புறம் பேசலாம்," என்றாள் அக்லயா. "ஆளுங்க வர்றாங்க பாரு."

அமைச்சகத்திலிருந்து மூன்று பேர். நடுவில் வெனியேரி அம்மாள், ஒல்லியாக, வெயில் கண்ணாடியோடு. பின்னாலேயே வேடிக்கை பார்க்கச் சரான்டிஸ், கையைக்கூடக் கழுவாமல். கேப்டன் வேலியோரம் தள்ளி நின்றார்.

வெனியேரி அம்மாள் குளத்தோரம் குனிந்து முதலில் முகர்ந்து பார்த்தாள். மறுபடி முகர்ந்தாள். கூட வந்தவன் தண்ணீரை மொண்டு சின்னக் குப்பியில் மருந்து விட்டு நிறம் பார்த்தான்; விஷம் இருந்தால் ஏற வேண்டிய நிறம் ஏறவில்லை. பார்த்துவிட்டு அந்த அம்மாளிடம் காட்டினான். அவள் புருவம் உயர்ந்தது.

"பாசியக் காணோமே?"

"அடியில இருக்கு," என்றாள் தெயோனி. "உயிரோட இருக்கு. மேல இருக்கற தெளிஞ்ச தண்ணிய வெளிய விட்டுட்டு, அடியில இருக்கறதுல பாதிய விதையா வெச்சுக்கிட்டா மறுபடி குளம் பச்சையாயிடும். மிச்சத்தக் காய வெச்சு எடுத்துடலாம்." ஜாடியை நீட்டினாள்.

"போன தடவ முடியலன்னு சொன்னியே? எப்படிப் பிரிச்ச?"

"சுண்ணாம்பு."

"பிரமாதம். எவ்ளோ போட்ட?"

தெயோனி ஜாடியை உற்றுப் பார்த்தாள்.

"கேட்டேனே. இவ்ளோ தண்ணிக்கு எவ்ளோ சுண்ணாம்பு? கலக்கிக்கிட்டே போட்டியா, நிறுத்திட்டுப் போட்டியா? அது தெரியாம வேற ஊர்ல நாங்க எப்படிச் செய்யறது?"

"எனக்குத் தெரியல," என்றாள் தெயோனி. பொய் சொல்லத் தெரியாத பெண்.

"அவளுக்கு எப்படித் தெரியும்?" என்று சரான்டிஸ் ஹோவென்று சிரித்தான். "எவனோ ராத்திரியில வந்து கொட்டிட்டுப் போயிருக்கான் மேடம்! காலையிலேர்ந்து இவ ஊரெல்லாம் துப்பறியறவங்கள விட்டுத் தேடிக்கிட்டிருக்கா. அதுல என்னையும் வந்து கேட்டாங்க!"

வெனியேரி அம்மாளின் முகம் இறுகியது. தற்செயலாக நடந்ததற்கு அமைச்சகம் கையெழுத்துப் போடாது என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. அவள் மெல்லக் கோப்பை மூட ஆரம்பித்தாள்.

பாண்டெலிஸ் அக்லயாவின் கையைக் கிள்ளினான். "சொல்லுங்க அக்கா!"

"என் வேலை இல்ல," என்றாள் அக்லயா. அவள் கண் கேப்டன் மேலேயே இருந்தது.

கேப்டன் மகளைப் பார்த்தார். அவள் ரப்பர் பூட்ஸோடு, ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வந்தவர்கள் முன்னால் தலை குனிந்து நின்றாள். சும்மா இருந்தால் போதும். வாயைத் திறக்காமல் இன்னும் ஒரே ஒரு நிமிடம் நின்றால் போதும், பெண் வீட்டிலேயே இருப்பாள், தினமும் தக்காளி நறுக்கிக்கொண்டு பேசுவாள். அவர் வேலியைப் பிடித்திருந்த கையை விட்டார்.

"ஒரு பீப்பாய்," என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நல்லா ஊறின சுண்ணாம்பு. சக்கரம் ஓடறப்பவே வாளி வாளியா ஊத்தினேன். பாதிப் பீப்பாய் போற வரைக்கும் ஒண்ணும் ஆகல. முழுசும் போனதும் பால் திரிஞ்ச மாதிரி ஆச்சு. அதோட நிறுத்தியிருக்கலாம். ஆத்திரம் யாரை விட்டுச்சு? ரெண்டாவதுலயும் பாதிய ஊத்தினேன். அது வீண். ஒண்ணே போதும்." தொண்டையைச் செருமினார். "அப்புறம் அது திரிஞ்சுபோய்ச் சுத்தறதப் பாத்தேன், பாவமா இருந்துச்சு. சக்கரத்த நிறுத்திட்டேன். நிறுத்தினதும் எல்லாம் மெதுவா அடியில போச்சு. டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டே நின்னேன்."

வெனியேரி அம்மாளோடு வந்தவன் விறுவிறுவென்று எழுதினான். "கலக்கிக்கிட்டே ஊத்தணும், அப்புறம் நிறுத்தணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"ரொம்பத் தெளிவாச் சொல்றாரே," என்றாள் வெனியேரி அம்மாள். "யாரு இவரு? உன்கிட்ட வேலை பாக்கறவரா?"

தெயோனி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து தான் அழுதது, பக்கத்தில் நின்று அவர் சரான்டிஸைத் திட்டியது, வெள்ளை அடிக்காத வீடு, பக்கத்து அறையில் அவர் இருந்தபோது வந்த போன், எல்லாம் ஒவ்வொன்றாக அவள் முகத்தில் வந்து போயிற்று. கோபத்தில் காது மடல் சிவந்தது. சரான்டிஸ்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டு இரண்டடி பின்னால் போனான்.

"எங்கப்பா," என்றாள்.

"குடும்பமே இதுல இறங்கிடுச்சா! நல்லது." வெனியேரி அம்மாள் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். "இந்தக் குளம் ஓடட்டும், பாத்துக்க ஓர் ஆளப் போடு. ஈஸ்டர் முடிஞ்சதும் நீ தெசலோனிகி வந்துடற. என்ன?"

கேப்டன் கண்ணை மூடிக்கொண்டார்.

"வர்றேன்," என்றாள் தெயோனி.

அமைச்சகத்து ஆட்கள் காருக்குப் போனார்கள். சரான்டிஸ் அவர்கள் பின்னாலேயே எதையோ விளக்கிக்கொண்டு ஓடினான். பாண்டெலிஸ் என்னவோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தான். அக்லயா அவன் காலை மிதித்தாள்.

தெயோனி ஜாடியைக் கீழே வைத்துவிட்டு நேராக அப்பாவிடம் வந்தாள். விரலை நீட்டினாள்.

"வீட்டுக்கு வா. உனக்கு இருக்கு."

"தெரியும்."

"சாதாரணமா விடமாட்டேன். காலையில திட்டுவேன், சாயந்திரம் திட்டுவேன், சாப்பிடறப்ப திட்டுவேன்."

"எத்தன நாளைக்கு?" என்று கேட்டார் கேப்டன்.

"கப்பல் ஏறற வரைக்கும்!"

"அப்ப நல்லாத் திட்டு," என்றார் கேப்டன்.